கம்பி போட்டாச்சா?

முபீன் போடும் இஞ்சித் தேத்தண்ணி கல்முனையில் எந்தக் கடையிலும் கிடைக்காது, அழகரெத்தினம் ஐயா. அன்றும் போட்டுத் தந்தான். குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம்.

அவன் என் தங்கை ஸுஹைறாவின் புருசன். சாய்ந்தமருதில் இருவரும் சேர்ந்துதான் பட்டறை நடத்தினோம். ரேடியோ நிலையங்களில் செத்துப்போன பெரிய வால்வுகள் எங்களிடம் வரும். கண்ணாடியை வெட்டித் திறந்து, எரிந்த இழையை மாற்றி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, நெருப்பில் ஒட்டி மூடுவது முபீனின் வேலை. அதை ஒரு நாள் முழுக்க எரியவிட்டுச் சோதிப்பது என் வேலை. உள்ளே நீல வெளிச்சம் தட்டினால் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி திறக்க வேண்டும்.

சோதனை மேசையில் ஓடுவது வீட்டுக் கரண்ட் இல்லை. சுவிட்சை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சோதனைப் பெட்டிக்குள் தேங்கி நிற்கும். மரப்பிடி போட்ட செப்புக் கம்பியை மாட்டி, தேங்கிய கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் கை வைக்கலாம். பெட்டிக்குப் பின்னால் நின்று கம்பி மாட்டுவது நான். முன்னால் நின்று வால்வைக் கழற்றுவது அவன். கழற்றுமுன் ஒருதரம் கேட்பான், நான் பதில் சொல்வேன். அவன் எட்டிப் பார்த்ததே இல்லை.

மீனவர் சங்கத்தின் கரை ரேடியோவுக்கும் நாங்கள்தான் வால்வு செய்து கொடுத்தோம். ஆழ்கடல் படகுகளுக்குப் புயல் சேதி அதிலிருந்துதான் போகும். காற்று எழும்பிய அன்று, சேதி சொல்லத் தொடங்கியதுமே அந்த வால்வு செத்தது. என் மகன் ஹாதிக் போன படகு திரும்பவில்லை. மையித்துக்கூடக் கரைக்கு வரவில்லை.

வால்வை வாங்கிவந்து பார்த்தேன். ஒட்டிய இடத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. முபீன் ஒட்டிய இடம். அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஐயா. சத்தம் போடுகிற கோபமில்லை, சோறு இறங்கவிடாத கோபம். அவனோ என் வீட்டுக்கு வந்து, என் தோளில் கை வைத்து, “அல்லாஹ்ட நாட்டம் மச்சான். நாம என்ன செய்யிற” என்றான். பிள்ளைக்காக ஓதிக் கொடுத்த கத்தச் சோற்றை இரண்டாம் தரமும் வாங்கித் தின்றான். என் பிள்ளையைத் தின்றவனுக்கு இன்னும் எப்படிப் பசிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று தேத்தண்ணி குடித்த பிறகு ஒரு வால்வைச் சோதித்தோம். சுவிட்சை அணைத்தேன். கம்பி என் கையில் இருந்தது.

“மச்சான், கம்பி போட்டாச்சா?”

“ஓம்.”

அவன் கீழே கிடந்தபோதுதான் கம்பியை மாட்டினேன். அவசரப்பட்டுக் கை வைத்துவிட்டான் என்று சொன்னேன். ஊரே நம்பியது. ஜனாஸாவைக் கபுறில் இறக்கியவர்களில் நானும் ஒருவன். ஸுஹைறா வெளியே இறங்காமல் இத்தா இருக்கிறாள். அவளுக்கு அரிசியும் மீனும் நான்தான் வாங்கிப்போகிறேன். “நீங்க இல்லாட்டி நான் என்ன செய்யிற காக்கா” என்று அழுகிறாள். கவலையீனமான புருசன் போனது அவளுக்கும் நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏன் நானாகப் பொலிசுக்கு வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். பள்ளிவாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து, முபீனின் மவுத்தும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவனைப்போல் நான் செய்ததை அல்லாஹ்வின் தலையில் போட்டுவிட்டுத் தின்று திரிய என்னால் முடியாது. இந்த ஆதம்பாவாதான் கொன்றான் என்றே எழுதுங்கள்.

இன்னொன்றையும் எழுதுவதானால் எழுதுங்கள், பெரிய விசயமில்லை. கரை ரேடியோ வால்வை அனுப்புவதற்குப் பெட்டியில் அடுக்கும்போதும் முபீன் கேட்டான். “நாள் முழுக்க எரியவிட்டுப் பாத்த நீங்களா மச்சான்?”

மருதமுனையில் ஒரு கலியாணம், நேரம் போய்விட்டது. நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றும் “ஓம்” என்றுதான் சொன்னேன்.

ஆனால் கண்ணாடியை ஒட்டியது அவன்தானே, ஐயா.