இருபது சூரியகாந்தி நாற்றுகள்

செம்பூர் ரேஷன் கடை வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரியும். ஆனால் முன்னால் நின்ற இளம்பெண் பக்கத்திலிருந்த மாமியிடம், “இருபதுலே பதினாறைக் கொல்லணுமாம்” என்றாள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுடீ! எதை?”

“சூரியகாந்தி நாத்தை, மாமி. வருஷா வருஷம் வேர்லேர்ந்தே துளிர்த்து ஆள் உசரத்துக்கு மேலே போற ஜாதி. போட்ட விதை அத்தனையும் முளைச்சுடுத்து. நெருக்கமா விட்டா, மழை வந்ததும் எல்லாமே சாஞ்சுடுமாம்.”

“வேற எடத்துலே நடேன்.”

“இருக்கறதே ஒரு பாத்தி.”

“கீரையைப் பிடுங்கறச்சே இந்தக் கருணையெல்லாம் எங்கே போறது?”

“கீரை திங்கறதுக்குப் போட்டது, மாமி.”

“சரி, நோஞ்சானாப் பார்த்துப் பிடுங்கு.”

“நோஞ்சானுக்குத்தான் தினம் ஒரு கை தண்ணி கூட விட்டேன்.”

வரிசை நகர்ந்தது. மாமி பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நாளைக்குக் கார்த்தாலே நான் வந்து பிடுங்கறேன். எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”



“வாங்கோ மாமி. நான் அப்போ கோயிலுக்குப் போயிடறேன். பிடுங்கினதையெல்லாம் என் கண்ணுலே படாம எடுத்துண்டு போயிடுங்கோ.”