மெஷினுக்கு எல்லாம் தெரியும்

உக்காருங்கக்கா. கெளம்பாதீங்க. உங்க டோக்கன் எத்தனை, இருநூத்திப் பன்னெண்டா? இப்பதான் இருநூத்தி நாலு கூப்பிட்டாங்க. காலையில இருந்து காத்துக் கெடந்துட்டு இப்பப் போய் எந்திரிச்சுப் போனா எப்படி.

எனக்கு முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டப் பேசிப் பழக்கமே இல்லக்கா. பக்கத்து வீட்டுல உப்பு கேக்கணும்னாலே ரெண்டு தடவை அவங்க வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்ற ஆளு நான். பாப்பா உங்க பையைப் பிடிச்சு இழுத்தப்பக்கூட நான் வாயைத் தொறக்கல, பாத்தீங்கல்ல. ஆனா தண்ணி குடிக்க வாசல் கேட்டுப் பக்கம் போயிட்டு வந்ததுல இருந்து உங்க மொகமே சரியில்ல. அங்க ஒருத்தர் நின்னு பேசிட்டிருந்தாரா? கட்டம் போட்ட சட்டை, வலது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். உள்ள ஒரு மெஷின் இருக்கு, விரலை வச்சதும் நீங்க எந்தக் காலேஜ், என்ன மார்க்குன்னு எல்லாம் வந்துரும், படிப்பை மறைச்சு எழுதினவங்க மேல கேஸ் போடுவாங்க, அப்படின்னு சொன்னாரா?

அவரு எங்க வீட்டுக்காரருதாங்கக்கா.

இல்லல்ல, பொய் சொல்ற ஆளில்ல. நம்பித்தான் சொல்றாரு, கஷ்டமே அதுதான். நீங்க மாட்டிக்கக் கூடாதேன்னுதான் சொல்லியிருப்பாரு.

எம்.ஏ.வா? எனக்கு எப்படித் தெரியும், நீங்க சொல்லித்தான் தெரியுது. ஆனா ஏதோ பெருசுன்னு நெனச்சேன். பையில ஃபைல் முனை நீட்டிட்டிருக்கு பாருங்க. எங்க வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, ரப்பர் பேண்டு போட்டு. கூட்டிப் பெருக்கற வேலைக்கு எட்டாவதுன்னு எழுதிக் குடுத்துட்டு, அதை ஏன் தூக்கிட்டு வந்தீங்க?

ஒருவேளை கேட்டா காட்டலாம்னா? நான் சிரிக்கலக்கா. அவரும் அப்படித்தான். பார்சல் கிடங்குல பெட்டி தூக்கற வேலைக்குப் போனாரே, மொத நாளு அந்த ஃபைலையும் எடுத்துட்டுத்தான் போனாரு. அங்க இருந்தவங்க அன்னைக்கே பேரு வச்சுட்டாங்க, டிகிரின்னு. டிகிரி, அந்தப் பெட்டியைத் தூக்கு. டிகிரி, லிஃப்ட்ல மேல போறப்ப எடை ஏன் கூடுது, சொல்லிட்டே தூக்கு. இவரும் சொல்வாரு. அவரு பி.எஸ்ஸி. பௌதிகம்.

நான் அஞ்சாவதுக்கா. தம்பி பொறந்ததும் தூக்கி வச்சுக்க ஆளில்லன்னு நிறுத்திட்டாங்க. எங்க அப்பா லாரியில லோடு ஏத்தறவரு. கல்யாணம் பேசறப்ப இவரு கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமா நிக்கற போட்டோ வந்துச்சு. அப்பா அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஒரு வாரம் திரிஞ்சாரு. எல்லார்கிட்டயும் காட்டிக் காட்டி நாலு முனையும் மடங்கிருச்சு. எம்மருமகன் பௌதிகம்பாரு. பௌதிகம்னா என்னன்னு எவனாவது கேட்டா, அது படிச்சவங்களுக்குத்தான் தெரியும்பாரு. நான் அவரு வீட்டுக்கு வந்தப்புறம் அதையே பெருசாக்கிக் கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டினோம். படுக்கறதுக்கு நேர் எதிரில. காலையில கண்ணைத் தொறந்தா அவரு அங்கி போட்டுட்டு நிப்பாரு, பக்கத்துல அவரே லுங்கியோட படுத்திருப்பாரு.

கிடங்கு வேலையா? போயிருச்சு. மணிக்கட்டுல ஒரு கருவியைக் கட்டி விட்டிருந்தாங்க. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவுல பதினாறு செகண்டுக்கு மேல ஆச்சுன்னா அது கத்தும். அப்படித் தூக்கித்தான் அந்தத் தோள் எறங்குச்சு. அப்பறம் உள்ள பெட்டி தானா ஓடற மாதிரி ஏதோ கொண்டு வந்தாங்க. ஒருநாள் காலையில வாசல்ல கார்டைத் தேச்சாரு, கதவு தொறக்கல. மறுபடி தேச்சாரு. தொறக்கல. அவ்வளவுதாங்கக்கா. வேலை இல்லன்னு ஒரு மனுஷன் வாயால சொல்லக்கூட இல்ல.

ஓட்டு வந்தப்ப, படிச்சவங்க இருக்கற வீட்டுக்கு ஒரு வேலைன்னு மைக்ல சொன்னாங்க. இவரு நம்பி ஒரு மாசம் தெருத்தெருவா அவங்க நோட்டீஸைக் குடுத்தாரு. ஜெயிச்சவரைப் போய்ப் பாத்தா, இப்ப எல்லாமே ஆன்லைன் தம்பி, என் கையில என்ன இருக்குன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாராம். எதிர்க்கட்சிக்காரரைப் போய்ப் பாத்தா, எங்களுக்குப் போடுங்க, அந்த மெஷினையே தூக்கிடறோம்னாராம். ஒருத்தன் மெஷினுக்குப் பின்னாடி ஒளியறான், இன்னொருத்தன் மெஷினைக் காட்டி ஓட்டுக் கேக்கறான், நமக்குத்தான் கதவு தொறக்கமாட்டேங்குதும்பாரு. நல்லாப் பேசுவாருக்கா. படிச்சவருல்ல.

பாப்பாவையா? படிக்க வைக்கணும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. படிக்காம விட்டா நான். படிக்க வச்சா அவரு. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.

இருநூத்தி ஏழு. நேரம் இருக்கு, உக்காருங்க.

இந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும்னு போட்டிருந்தாங்கல்ல. ரெண்டு பேருக்குமே போடுவோம், யாருக்குக் கெடைச்சாலும் சரின்னாரு. டிகிரின்னு தெரிஞ்சா கழிச்சுக் கட்டிருவாங்கன்னு அவரு காதுக்கு வந்திருக்கு. அன்னைக்குக் கடைசி நாள். காலையில இருந்து போன்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. தொறந்தா போட்டோவை ஏத்துக்காது. முகம் தெளிவாக இல்லைங்குது. வெயில்ல நின்னு எடுத்தாரு, செவுத்தோரமா நின்னு எடுத்தாரு, மொகத்தைக் கழுவிட்டு வந்து எடுத்தாரு. முகம் தெளிவாக இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, அந்த மொகத்துக்கு என்ன கொறைன்னு.

மத்தியானம் யாரோ வீடு மாத்தறாங்கன்னு சாமான் தூக்கக் கூப்பிட்டாங்க. போனை என்கிட்டக் குடுத்து, என்னென்ன போடணும்னு தாள்ல எழுதி வச்சுட்டுப் போனாரு. எனக்குப் படிப்புங்கற எடத்துல எட்டாவதுன்னு போடு, மறந்துராதேன்னு அடியில ரெண்டு கோடு. நாலரை மணிக்குத் தொறந்துச்சு, மொகத்தையும் ஒருவழியா ஏத்துக்கிச்சு. ரெண்டும் போயிருச்சு, பச்சையா டிக் வந்துச்சு. சாயங்காலம் வந்து பாத்துட்டு என் தலையைத் தடவிக் குடுத்தாரு. இனிமே நீயும் டிகிரிதான்னாரு.

ஒரு மாசம் கழிச்சு எனக்கு வரச் சொல்லி வந்துச்சு. அவருக்கு, தேவைக்கு மேற்பட்ட கல்வித் தகுதி, நிராகரிக்கப்பட்டதுன்னு வந்துச்சு. அதை நாலு தடவை படிச்சாரு. நான் சொல்லவே இல்லையே, எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாரு. என்னைக் கேக்கல, போனைக் கேட்டாரு. அன்னைக்குப் பூரா யோசிச்சு, அவரே ஒண்ணு கண்டுபிடிச்சுட்டாரு. காலேஜ், பேங்க், ஆஸ்பத்திரின்னு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துட்டாங்க, இனிமே மெஷினுக்கு எல்லாம் தெரியும்னு.

அதோட சரி. ஒண்ணுக்கும் எழுதிப் போடறதில்ல. டிகிரி கேக்கற எடத்துல என்னைவிடப் பெரிய டிகிரி நிக்குது, டிகிரி வேண்டாங்கற எடத்துல மெஷின் என்னைக் காட்டிக் குடுத்துருது, நான் எங்க போய் நிக்கறதுங்கறாரு. பாப்பாவுக்கு ஊசி போடப் போனப்ப, பேரைக் கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க, இப்பவே இவளையும் அதுக்குள்ள தள்ளாதீங்கன்னு நர்ஸோட சண்டை. செவுத்துல இருந்த போட்டோவைத் திருப்பி மாட்டிட்டாரு. இப்பக் கண்ணைத் தொறந்தா அட்டைதான் தெரியுது.

காலையில அவரு பேச்சைக் கேட்டு ரெண்டு பொண்ணுங்க திரும்பிப் போயிட்டாங்க. இந்த ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். சும்மா இருந்துட்டேன். இருக்கறது ஆறு எடம், ரெண்டு பேரு கொறைஞ்சா நமக்கு நல்லதுதானேன்னு நெனப்பு வந்துச்சு. மறைப்பானேன். உங்களையும் அப்படியே விட்டிருக்கலாம். பாப்பா வேர்த்து அழுதப்ப நீங்க கையில இருந்த வேலை நோட்டீஸை மடிச்சு விசிறி விட்டீங்க. அதுக்கப்புறம் விட முடியல.

மெஷின்ல ஒண்ணும் வராதுக்கா. நமக்கு முன்னாடி உள்ள போன ஒரு நீலப் பைக்காரங்க வெளிய வந்தப்பக் கேட்டேன். விரலை வச்சா நம்ம பேரும் போட்டோவும் வருதாம், அவ்வளவுதான். படிப்புக்கு நாம எழுதிக் குடுத்ததைத்தான் பாக்கறாங்க. நாம எழுதாதது எதுவும் அவங்ககிட்ட இல்ல.

என்னது? அப்ப அவரு படிச்சது எப்படித் தெரிஞ்சுதுன்னா?

நான்தான் போட்டேன்.

தெரியாமல்லாம் போடல. அந்த எடத்தைத் தொட்டா வரிசையா வருதுல்ல, அஞ்சு, எட்டு, பத்து, கடைசியில பட்டம். எனக்கு அஞ்சைத் தொட்டேன். அவருக்கு எட்டு மேல விரலைக் கொண்டு போனேன். தொட மனசு வரலக்கா. அஞ்சுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு, ஆறும் ஏழும். எங்க அப்பா பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சது அந்த ரெண்டையுமா? எதிரில அவரு அங்கி போட்டுட்டு நிக்கறாரு. படிச்சவரை யாராவது வேண்டாம்பாங்களா, இவரு கூச்சப்பட்டுக்கிட்டுச் சொல்றாரு, தெரிஞ்சா தொடப்பத்துக்குப் பதிலா ஒரு நாற்காலி குடுப்பாங்கன்னு நெனச்சேன். பட்டத்தைத் தொட்டேன். சான்றிதழை இணைக்கவும்னு கேட்டுச்சு. பெட்டியில இருந்து எடுத்து, முந்தானையால தொடச்சு, வெளிச்சத்துல தரையில விரிச்சுப் போட்டோ எடுத்தேன். காலையில பூரா அவரு மொகத்தை ஏத்துக்காத மெஷின், அதை மொத தடவையிலேயே ஏத்துக்கிச்சு.

சொல்லிரலாம்தான். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இப்ப அவரைத் தோக்கடிச்சது ஒரு பெரிய மெஷினுக்கா. நாடு பூராவும் கோத்து வச்சது. அதைப் பத்தி நாலு பேருகிட்ட நின்னு பேசறப்ப அவரு மொகத்துல பழைய களை வருது. அங்க பாருங்களேன், கையை ஆட்டி ஆட்டி. அஞ்சாவது படிச்சவளோட கட்டை வெரலுதான்னு தெரிஞ்சா, அப்பறம் எதைப் பேசுவாரு.

கூப்பிடறாங்கக்கா, இருநூத்திப் பன்னெண்டு. ஃபைலைக் குடுங்க, இங்க மடியில வச்சுக்கறேன், பாப்பா ஒண்ணும் பண்ண மாட்டா. கேட்டா எட்டாவதுன்னு சொல்லுங்க. குனிஞ்சுக்கிட்டுச் சொல்லாதீங்க, நெசமாவே எட்டாவது படிச்சவங்க நேராப் பாத்துத்தான் சொல்வாங்க.

அப்பறம், வெளிய போறப்ப அவரு கேப்பாரு, மெஷின்ல வந்துச்சான்னு.

வந்துச்சுன்னு சொல்லிருங்கக்கா.