கண்டெடுத்தவர்

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் நீங்களே வரவழைத்துக் கொடுத்த காப்பி, முழுவதும் குடித்துவிட்டேன்.

பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பத்திரண்டு. சங்கரன்கோவிலில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்வேன். மீதிப் பாதி புளியங்குடிக்குப் போய் மலிவாக வாங்கிக்கொள்கிறது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கரிசல் காட்டில் அலைவேன். அதற்குக் குடித்தே தொலைத்திருக்கலாம் என்பாள் என் மனைவி சுமதி.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அனுமதி வாங்காமல் தோண்டினோம். தப்புதான். எழுதிக்கொள்ளுங்கள்.

குருவிகுளம் பக்கத்தில் ஒரு கோட்டைமேடு இருக்கிறது. அந்தக் காலத்தில் பாளையக்காரர் ஆட்களும் கும்பினிப் படையும் அங்கே மூன்று நாள் மோதிக்கொண்டதாகப் பேச்சு. இப்போது உடைமரமும் ஆட்டுப் புழுக்கையும்தான். நானும் காளிராஜும் பதினோரு வருஷமாக அந்த மேட்டைச் சல்லடை போட்டோம். காளி தறி மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது இளையவன். மூச்சுக்கு மூச்சு அண்ணாச்சி என்பான்.

நான் கண்டுபிடித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சோடா மூடி, நானூறு இருக்கும். பிறகு ஒரு பீரங்கிக் குண்டு. அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். விளையாட்டு விழாவில் பிள்ளைகள் எறிகிற குண்டு அது என்று ஒரு பி.டி. வாத்தியார் பதில் போட்டார். கும்பினிக் குதிரையின் லாடம் என்று நான் தூக்கிக்கொண்டு வந்தது வண்டிமாட்டு லாடமாக இருந்தது.

"வெயிலுக்குக் குதிர படுத்திருக்கும் அண்ணாச்சி. கும்பினிக்காரன் மாட்டு மேல ஏறி வந்திருப்பான்" என்றான் காளி.

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. ஆறு வருஷமாகிறது, ஒரு வார்த்தை மறக்கவில்லை.

அவனுக்கு மட்டும் ஈயக் குண்டு கிடைக்கும், ஈட்டிமுனை கிடைக்கும், துப்பாக்கி விசை கிடைக்கும். எங்களுக்குள் ஒரே சட்டம்: முதலில் யார் கண்ணில் படுகிறதோ அவன் பெயர். பொருள்களை என் கடையில் ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே 'கண்டெடுத்தவர்' என்று அட்டை எழுதி வைப்பேன். ஏழு அட்டை. ஏழிலும் காளிராஜ். கடை என்னுடையது, அலமாரி என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. புதுக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்கள் எட்டத்தில் தெரிகிறதா என்று சோதிக்க அந்த அட்டைகளைத்தான் வாசிப்பார்கள். சத்தம் போட்டு வாசிப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர். "கண்டெடுத்தவர், காளிராஜ். நல்லாத் தெரியுது அண்ணாச்சி."

நான் பொறாமைக்காரன் இல்லை, மேடம். நடந்ததைச் சொல்கிறேன்.

காளியின் வலது தொடையில் கம்பி உண்டு. எலுமிச்சை மூட்டை ஏற்றிய வண்டி இடித்து எலும்பு முறிந்தபோது வைத்தது. டிடெக்டர் மெஷினுக்கு அருகில் அவன் வந்தால் அதற்கும் கத்தும். பழைய இரும்புக்குத் தவளை மாதிரிக் கத்துகிற மெஷின், அவன் தொடைக்குக் குயில் மாதிரிக் கூவும்.

"தள்ளி நில்லுலே. தெரியாம ஒன் தொடையத் தோண்டிரப் போறேன்" என்பேன்.

"தோண்டுங்க அண்ணாச்சி. அதுக்காவது ஒங்க பேரப் போட்டுக்கிடலாம்லா."

அன்றைக்கு மழை விட்டு மூன்றாம் நாள். காலை பதினொரு மணி. மேட்டை ஒட்டிய ஓடைக்கரை இரண்டு ஆள் உயரம். அதன் அடியில் தவளைச் சத்தம் கேட்டது. காளி குப்புறப் படுத்துக் கையால் குடைந்துகொண்டே உள்ளே போனான். ஆள் முழுக்கப் போய்விட்டான். நான் கரைமேல் ஏறி நின்றிருந்தேன்.

"மேல நிக்காதிய. மண்ணு விண்டு போயிக் கெடக்கு."

"சரிலே."

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கத்தினான். "வாளு அண்ணாச்சி! கைப்பிடி ஆப்புட்டுட்டு! எட்டாவது அட்டைய எழுதிருங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நின்ற இடத்தில் குதித்தேன். கரை சரிந்துவிட்டது. நானும் மண்ணோடு சறுக்கி விழுந்தேன். இதோ, முழங்காலில் சிராய்ப்புத் தழும்பு.

பதறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷினை எடுத்துச் சரிந்த மண்மேல் மெதுவாக ஓட்டினேன். ஓடைப் பக்கம் குயில். நாலடி உள்ளே தள்ளித் தவளை. குயில் நல்ல தெளிவாகக் கேட்டது; அப்படியென்றால் மேலே ஓரடி மண்தான். காலைப் பிடித்து இழுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மண்வெட்டி ஒன்று, ஆளும் ஒருவன். எங்கேயாவது ஓரிடத்தில் தொடங்கத்தானே வேண்டும். தவளைப் பக்கம் தொடங்கினேன்.

பழைய இரும்பில் அவசரம் கூடாது. பொருபொருவென்று உதிர்ந்துவிடும். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலும் பிரஷ்ஷாலும் எடுத்தேன். நடுவில் காளியின் மனைவி பிரேமலதா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, அவுக போன எடுக்க மாட்டுக்காவ. சாப்பிட வருவாவளா? கொழம்பு ஆறுது."

"கைவேலையா இருக்காம்மா. நேரமாகும். நீ சாப்பிடு தாயீ" என்றேன்.

பசியோடு காத்திருப்பாளே என்றுதான் சொன்னேன்.

பிடி தெரிந்தது. பித்தளைப் பூண் போட்ட அருமையான பிடி. அதன்மேல் காளியின் கை இருந்தது. சூடாகவே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரலைப் பிரிப்பதற்குள் கட்டைவிரல் திரும்ப மடங்கும். கடைசியில் என் ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வாள் என்று நினைத்திருப்பான். அவ்வளவு ஆசை அவனுக்கு.

வாளை எடுத்துத் துண்டில் சுற்றினேன். பிறகு குழியை மூடினேன். அது எங்கள் பழக்கம், மேடம். தோண்டிய இடத்தை மூடாமல் போனால் ஆடுமாடு காலை ஒடித்துக்கொள்ளும். பதினோரு வருஷத்தில் ஒரு குழியையும் நாங்கள் திறந்து போட்டுவிட்டு வந்ததில்லை.

ஆடு மேய்க்கும் மருதப்பன் வந்தபோது கத்தி அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை உண்மை. தீயணைப்புக்காரர்கள் வந்ததும் எங்கே என்று கேட்டார்கள். இருபதடி தள்ளிக் காட்டினேன். மழையில் கரை அங்கங்கே சரிந்து கிடந்தது, எல்லாம் ஒரே கறுப்பு மண், எனக்கும் பதற்றம். "ஒங்க மெஷின ஓட்டிப் பாக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். கெட்டிக்காரர். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். ஆளை எடுக்கும்போது மணி மூன்று.

அரை மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்றீர்கள். டாக்டர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள்.

பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். பதினாறாம் நாள்வரை அந்த வீட்டுக்குக் காய்கறி போனது என் பையில்தான். பிரேமலதா என் காலைத் தொட்டு, "அவுகளுக்குக் கூடப் பொறந்த பொறப்பு மாதிரி நீங்கதான்" என்று அழுதாள். அந்த வார்த்தைக்கு நான் தகுதியானவனா என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். ஓரளவுக்கு உண்டு என்றுதான் தோன்றியது.

இப்போது அந்தக் கால்தடத்துக்கு வருகிறேன். அன்றைக்கே எடுத்த படத்தில், சரியாமல் நின்ற விளிம்பில் குதிகால் ஆழப் பதிந்து மூன்று ஜோடித் தடம் இருக்கிறது, ஒரு தடவை குதித்தவனுக்கு எப்படி மூன்று என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நாலு, மேடம். நாலாவது தடம் கரையோடு போய்விட்டது. முதல் மூன்றுக்கும் கரை அசையவில்லை. நான் தொண்ணூற்றாறு கிலோ. நடக்கப் போங்கள் போங்கள் என்று சுமதி மூன்று வருஷமாகச் சொல்கிறாள். இரண்டாவது தடவை குதித்தபோதே, "அண்ணாச்சி, மண்ணு கொட்டுது, வெளிய வாரேன்" என்றான். வெளியே வந்தால் வாளோடுதான் வருவான். அதனால் கொஞ்சம் விரைவாகக் குதிக்க வேண்டியிருந்தது.

ஆமாம். நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும். என்னிடம் நீங்கள் கைப்பற்றிய வாள் வழக்கு முடிந்ததும் அருங்காட்சியகத்துக்குப் போகும் என்றீர்கள். அதற்கான அட்டையை எழுதிக் கடை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அதையும் கூடவே அனுப்பிவிடுங்கள். 'கண்டெடுத்தவர்: கோமதிநாயகம்.' அதற்குக் கீழே, 'உதவி: காளிராஜ்.' இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், மேடம். அவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு விட்டுக்கொடுத்திருப்பானா என்பது சந்தேகம்தான்.