ரொட்டிக்குள் வைத்த குழந்தைகள்

உங்கள் திரையில் என் முகம் சற்று அகலமாகத் தெரியும், டாக்டரம்மா. அது இந்தத் தொலைபேசியின் குற்றம். நேரில் பார்ப்பவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் சோலூலா ஊர் எடைக்குறைப்புக் குழுவில் ஐந்து பேரின் எடைக்கோடும் ஒரே வாரத்தில் ஒன்றாக மேலே ஏறிவிட்டதே, இயந்திரக் கோளாறா என்று உங்கள் ஊர் சாந்தியாகோவிலிருந்து விசாரிக்கிறீர்கள். கோளாறு எதுவும் இல்லை. தராசுகள் சரியாகத்தான் இருக்கின்றன. செய்தது நான்.

என் கோடு மட்டும் ஏன் அழகாக இறங்குகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரம் என் தராசில் ஏறியது என் மகன். பிறகு மருமகள். இப்போது பேத்தி. நான் அனுப்பும் வெள்ளரிக்காய்த் தட்டின் படமும் நவம்பரில் எடுத்தது. அவ்வப்போது மேஜை விரிப்பை மாற்றி, பழைய தட்டையே ஒட்டித் தரப் பேத்திக்குத் தெரியும். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைக் குழுத் தலைவியாக்கினீர்கள். நானாகக் கேட்கவில்லை.

நான் சேர்ந்ததே ஒதிலியாவுக்காக. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் அடிக்கடி கைதட்டுவீர்களே, அவள்தான். அவள் மகனுக்கு நான் ஞானத்தாய், அதனால் ஒருவரையொருவர் கொமாத்ரே என்போம். எங்கள் மாதா கோயில் குன்றின் உச்சியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்கு ஏறும். ஒதிலியாவுக்கு மூச்சு வாங்கும் என்பதால் நாங்கள் இருவரும் அடிவாரத்தில் தங்கிவிடுவோம். பீன்ஸ் வைத்த சோள அடையைத் தின்றுகொண்டு, யார் யாருடைய புருஷனோடு பேசியபடி ஏறுகிறார்கள் என்று கவனிப்போம். வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நேரம் எனக்கு இல்லை. நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். அவள் தனியாக உட்காரக் கூடாதே என்றுதான் ஏறவில்லை. இத்தனை வருஷத் தியாகத்தை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

போன நவம்பரில் அவள் உங்கள் திட்டத்தில் சேர்ந்தாள். "ஈஸ்டருக்குள்ள மேல ஏறி மாதாவ நேருக்கு நேரா பாத்துருவேன், கொமாத்ரே" என்றாள். கையில் அடைக்குப் பதில் கேரட். அவள் மேலே போய்விட்டால் கீழே எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் நான் பயந்தது அவள் முழங்காலை நினைத்துத்தான்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நாங்கள் வட்டமான இனிப்பு ரொட்டி வெட்டுவோம். உங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை என்றீர்கள், அதனால் விளக்குகிறேன். ரொட்டிக்குள் ஒரு சிறிய குழந்தை இயேசு பொம்மை இருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் செய்து போட வேண்டும். தமால் என்றால் சோள மாவைப் பன்றிக் கொழுப்போடு நன்றாகப் பிசைந்து, உள்ளே கறி வைத்து, சோள மடலில் பொதிந்து அவிப்பது. ஆளுக்கு விரற்கடை அகலத் துண்டு தின்னலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்தீர்கள். ரொட்டியை நான் சுட்டேன். சர்க்கரை இல்லை, முழுக் கோதுமை என்று சொன்னேன். இரண்டும் பொய். ஆனால் குற்றம் அதுவல்ல.

உள்ளே ஒரு பொம்மை வைக்க வேண்டிய இடத்தில், கத்தி எங்கே விழுந்தாலும் ஒன்று அகப்படும்படி நெருக்கமாக வைத்தேன். பிளாஸ்டிக் அடுப்பில் இளகிவிடுமோ என்று பீங்கானில் வாங்கினேன். யாருடைய உடம்புக்கும் கெடுதல் வரக் கூடாது அல்லவா?

எல்லோரும் ஒரே நேரத்தில் மென்றார்கள். எல்லா வாயும் ஒரே நேரத்தில் நின்றது.

"யாருக்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

தமால் செலவுக்கும் பயம், உங்களுக்கும் பயம். பொம்மையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எவெலியோ அண்ணனின் தொண்டைக் குமிழ் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. எனக்கு வருத்தம் இல்லை. சிறுவயதில் இவர்களோடு கோயிலில் முதல் நன்மை வாங்கியவள் நான், இவர்கள் மனசாட்சி எப்படி வேலை செய்யும் என்று தெரியும். குழந்தை இயேசுவையே ஏமாற்றிவிட்டோம் என்ற உறுத்தலோடு நான்கு வாரம் தாங்க மாட்டார்கள்.

தாங்கவில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு அண்டா தமால்.

"சும்மாதான், செய்யணும்னு தோணுச்சு" என்றார் எவெலியோ அண்ணன்.

"எனக்கும் சும்மாதான்" என்றாள் ஒதிலியா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒருவர் செய்ததை மற்றவர் தின்னாவிட்டால் மரியாதையாக இருக்காது. மீந்ததைக் கொட்டுவது பாவம். அதனால் மறுநாளும் தின்றார்கள், அதற்கு மறுநாளும் தின்றார்கள். உங்கள் திரையில் கோடுகள் ஏறியது அப்போதுதான். நான் பரிமாறினேன், அவ்வளவே.

எவெலியோ அண்ணனின் வயிறு மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது. வலி தாங்காமல் எக்ஸ்ரே எடுக்கப் போனார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "குழந்தை நல்லாருக்கு, தலை கீழ திரும்பிருச்சு" என்றாராம். அண்ணி அங்கேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். சேதி பரவியதும் மற்றவர்கள் பர்ஸிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் தங்கள் தங்கள் குழந்தையை வெளியே எடுத்தார்கள். பிறகு எல்லோரும் ரொட்டி சுட்டவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒதிலியா கத்தவில்லை. "மத்தவங்கள விடு. எனக்கு ஏன் செஞ்ச, கொமாத்ரே?" என்று மட்டும் கேட்டாள்.

"உன் முழங்கால்..." என்று ஆரம்பித்தேன்.

"என் முழங்காலுக்குத்தான் எடையக் குறைக்கிறேன்" என்றாள்.

அவள் அடுத்த திங்களே மறுபடி தராசில் ஏறினாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

ஒதிலியாவை வேறு குழுவுக்கு மாற்றட்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்று அவளே சொல்வாள். ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"செருப்ப மாட்டு. இன்னிக்கு ரெண்டு பேரும் ஏறுறோம்."

"உனக்கு மூச்சு வாங்குமே."

"வாங்குனா வாங்கட்டும். கையக் குடு."

ஏறினோம். பாதி வழிகூட வரவில்லை. என் கண் இருட்டியது, நெஞ்சு மத்தளம் அடித்தது, ஓரத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மேலே பூசை மணி அடித்தது. எங்களைத் தாண்டி ஊரே போயிற்று. ஒதிலியா போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியால் எனக்கு விசிறினாள். அவள் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

ஆனால் அவளை எனக்குத் தெரியும், டாக்டரம்மா. களைத்திருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அன்றைக்கும் நான் அவளுக்காகத்தான் உட்கார்ந்தேன்.