மூன்று புத்தகங்களில் வைத்த புள்ளிகள்

மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, வயதில் மூத்து வாசிப்பில் மூப்படையாத பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நிற்கும் நண்பர்களே, வணக்கம்!

கடிகாரம் பழுதுபார்ப்பவனுக்கு ஒற்றர் கதையைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? நாற்பதாண்டு வாசகன் ஐயா நான்!

துறவி வேடத்தில் கோட்டைக்குள் நுழைந்தான் பழைய ஒற்றன். போர்கள் பெருகின, வரைபடம் திருடினான். தந்தி வந்தது, சங்கேதம் கற்றான். கணினி வந்தது, கடவுச்சொல்லைக் களவாடினான். வேடம் மாறியது, வேகம் மாறியது. வாசகனின் வேட்கை மாறியதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டுவது எதற்காக? துப்பாக்கிக்காகவா? துரத்தலுக்காகவா? இல்லை! அனுப்பிய சேதி உரியவரைச் சேருமா என்ற தவிப்புக்காக!

அந்தத் தவிப்பை நான் பட்டிருக்கிறேன்.

மணமான புதிதில் நானும் என் துணைவியாரும் ஒரே ஒற்றர் கதையை மாறி மாறிப் படிப்போம். எழுத்துகளுக்கு அடியில் பென்சில் புள்ளி வைத்து, அவற்றைக் கூட்டிப் படித்தால் சேதி வரும்படி செய்வது எங்கள் விளையாட்டு. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்!

ஒருநாள் கடைச்சாவியைக் காணோம். வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைக் கண்டபடி திட்டிவிட்டேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் அடுத்த தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்க என் ரோஷம் விடவில்லை.

நூலகத்தில் நான் திருப்பித் தரும் புத்தகத்தை அடுத்து எடுப்பவர் அவர்தான். புள்ளி வைத்தேன்: ‘தப்பு என்னுடையது. வீட்டுக்கு வா.’ மூன்று வாரம், மூன்று புத்தகம். பதிலே இல்லை. வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன்.

நான்காவது புத்தகத்தை நீட்டியபோது நூலகத்து அக்கா பிடித்துக்கொண்டார்.

“ஏன் சார், புத்தகம் பூரா புள்ளி வைக்கிறீங்க? திரும்பி வர்ற புத்தகத்தையெல்லாம் அழிச்சுச் சுத்தம் பண்ணித்தான் அடுத்தவங்களுக்குக் குடுப்பேன். என் கையே விட்டுப்போச்சு!”

நடந்ததைச் சொன்னேன்.

“அடக் கடவுளே! அடுத்த தெருதானே சார்? வாயில என்ன கொழுக்கட்டையா?”

ஓடினேன். கதவைத் திறந்தவரிடம், “தப்பு என்னோடதுதான்மா” என்றேன். அவர் கண் கலங்கியது.

“மூணு புத்தகத்துலயும் ஒரு பக்கம் விடாம வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேங்க. ஒரு புள்ளிகூட இல்ல. நான் வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்.”

அன்று வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சங்கேதம் பகைவர் நடுவே வாழ்பவனுக்கு வேண்டும் ஐயா, உற்றவரிடம் எதற்கு? ஒற்றன் உயிரைப் பணயம் வைத்துச் சேதி சொல்கிறான்; நாம் ரோஷத்தைப் பணயம் வைத்தேனும் சொல்ல வேண்டாமா?

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. முன்வரிசையில் இருக்கும் என் துணைவியாரே, அன்று பலர் முன் திட்டினேன். வாசலில் தனியாகத்தான் மன்னிப்புக் கேட்டேன். இன்று பலர் முன் சொல்கிறேன்: தப்பு என்னுடையது. வணக்கம்!