அசல் அண்ணனின் பச்சை வண்டிக்கு இரண்டு துளைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பழைய கார் உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, பேச்சு நீண்டால் கடிகாரத்தைக் காட்டும் செயலாளர் மாமா அவர்களே, எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வந்திருக்கும் மெக்கானிக்குகளே, பெயிண்டர்களே, முன் வரிசையில் இருக்கும் பெரியம்மா, அப்பா, அம்மா, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மறைந்த அசல் அண்ணனின் தம்பி மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இன்று பேச வேண்டியதைச் செயலாளர் மாமா ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அழகான தமிழ். அதை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அதில் ஒரு வரி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவளும் நான்தான். அதனால் இதை நானே எழுதினேன். எழுதியது வீட்டில் யாருக்கும் தெரியாது. தயவுசெய்து முடியும்வரை என்னை உட்காரச் சொல்லாதீர்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் பெரியப்பாவின் பச்சை வண்டியின் சாவியைச் சங்கம் என்னிடம் கொடுக்கப் போகிறது. "இருப்பது இருந்தபடியே காப்பேன்" என்று நான் உறுதிமொழி சொல்ல வேண்டும். பிறகு செயலாளர் மாமா வண்டியை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, மலையிறக்கச் சாலை வழியாக ஊர்வலம் போக வேண்டும். எனக்கு அந்த வண்டியில் ஏறப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் நிற்கிறேன்.

யார் அசல் அண்ணன்? இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தச் சங்கத்தின் சோதனைக் குழுத் தலைவர். ஒரு வண்டி எப்படித் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததோ அப்படியே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவர். அவர் குனிந்தால் உரிமையாளருக்கு வியர்க்கும். டேஷ்போர்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரே ஒரு ஸ்குரூவின் தலை மாறியிருந்தது என்று நம் தலைவர் அவர்களுடைய வண்டியையே திருப்பி அனுப்பியவர் அல்லவா அவர்? அதன் பிறகு தலைவர் அவர்கள் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. நான்காம் மாதம் சரியான ஸ்குரூவை ஒரு தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு பெரியப்பாவே அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். எத்தனை ஊரில் தேடினாரோ தெரியாது. அப்படிப்பட்ட மனிதர்.

என் அப்பா நேரெதிர். அப்பாவை நீங்கள் எல்லோரும் நகல் தம்பி என்று கூப்பிடுவீர்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். பழைய வண்டிக்குப் புது என்ஜின் வைப்பார், ஏசி வைப்பார், கூரையை வெட்டி ஜன்னல் வைப்பார். ஒரே ஷெட்டில் இருவரும் வேலை செய்தார்கள். நடுவில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ட்ரில் மெஷின் போகக் கூடாது. மதியச் சாப்பாடு மட்டும் கோட்டின் மேலே ஸ்டூல் போட்டு, ஒரே கேரியரில்.

சாப்பிடும்போதுதான் சண்டை நடக்கும். அப்பா செய்த வண்டிக்கு அடியில் நீல விளக்கு எரிந்தால், "டேய், இது வண்டியா, கல்யாண மண்டபமா?" என்பார் பெரியப்பா. அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வார். "அண்ணே, நீங்க செத்துப்போனவங்களுக்காக வண்டி செய்றீங்க. நான் உயிரோட இருக்கறவங்களுக்குச் செய்றேன்." பெரியப்பா சிரித்துவிட்டுத் தன் பங்கு முட்டையை அப்பா தட்டில் வைப்பார்.

அந்தப் பேச்சு எனக்கு அப்போது வெறும் கிண்டலாகத்தான் தெரிந்தது.

பச்சை வண்டி ஆறு வருஷத்துக்கு முன் வந்தது. வரும்போது அது சிவப்பு. பெரியப்பா சுரண்டினார். சிவப்புக்கு அடியில் வெள்ளை, அதற்கு அடியில் நீலம், கடைசியில் நகக்கண் அளவுக்கு இளம்பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்த அன்று அவர் சாப்பிடவில்லை. வண்டியின் முதல் சொந்தக்காரர் ஒரு டாக்டரம்மா என்று விசாரித்துக் கண்டுபிடித்தார். அவர்களுடைய உறவினர் ஒருவர் ஒரு போட்டோவும் ஒரு நோட்டும் கொடுத்தார். போட்டோவில் டாக்டரம்மா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குள்ளமான உருவம். சீட் முன்னால் தள்ளி, பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடி தாழ்ந்து இருக்கிறது. நோட்டில் தினமும் வண்டி எத்தனை தூரம் ஓடியது, டயரில் காற்று எவ்வளவு, எந்த நோயாளி வீட்டுக்குப் போனது என்று சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

இங்கேதான் பெரியப்பா தவறு செய்தார். இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். போட்டோவில் இருந்ததையெல்லாம், டாக்டரம்மா தன் உயரத்துக்கு நகர்த்தி வைத்ததையும் சேர்த்து, அவர் அசல் என்று எடுத்துக்கொண்டார். சீட்டின் இரும்புப் பட்டை துருவேறி, முன்னால் வந்த நிலையிலேயே இறுகியிருந்தது. துருவை எடுத்துவிட்டு, சீட்டை அதே இடத்தில், போட்டோவைப் பார்த்து அளந்து, போல்ட் போட்டு நிரந்தரமாக முடுக்கிவிட்டார். பெரியப்பா ஆறடி. உட்கார்ந்தால் இரண்டு முட்டியும் ஸ்டீரிங்கில் இடிக்கும். அப்படியே ஓட்டினார்.

அப்பா கெஞ்சினார். "பின்னாடி ரெண்டு ஓட்டை போட்டு சீட்டைத் தள்ளி முடுக்கினா போதும்ணே. அஞ்சு நிமிஷம். நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஓட்டை போட்டா அது வேற வண்டிடா" என்றார் பெரியப்பா.

உள்கண்ணாடியை மட்டும் அவர் தன் உயரத்துக்குத் தூக்கி வைத்துப் பார்த்தார். மறுநாள் காலை அது தாழ்ந்திருந்தது. திருகாணியை இறுக்கினார். மறுநாளும் தாழ்ந்திருந்தது. அப்பா முகம் மாறிப்போய் என்னைப் பார்த்தார். பெரியப்பாவுக்கோ ஆனந்தம். வண்டிக்குத் தன் அசல் நிலை ஞாபகம் இருக்கிறது, நாம்தான் மறந்துவிடுகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னார். இந்தச் சங்கத்தின் ஆண்டு மலரில்கூட எழுதினார். நாம் எல்லோரும் கைதட்டினோம், இல்லையா? நானும் தட்டினேன்.

அதன் பிறகு அவர் டாக்டரம்மாவின் நோட்டிலேயே, அவர்கள் விட்ட இடத்திலிருந்து, தூரமும் காற்றும் எழுத ஆரம்பித்தார். முதல் மாதம் அவருடைய பெரிய பெரிய எழுத்து. பிறகு எழுத்து சிறுத்தது. போன வருஷம் பெரியம்மா அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, எது அந்தம்மா எழுதியது, எது தன் கணவர் எழுதியது என்று தெரியவில்லை என்று என் அம்மாவிடம் சொல்லி அழுதார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். "வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி இந்த மனுஷன் மாறிட்டாரு" என்றார் பெரியம்மா.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன்.

பள்ளிப் பேருந்து வரவில்லை. பெரியப்பா என்னைப் பச்சை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். நான் பின் சீட்டில் இருந்தேன். முன் சீட்டில் ஏறப் போனபோது, பின்னால் உட்காரச் சொன்னார். முன்னால் ஒன்றும் இல்லை. அவருடைய பை கூட இல்லை. மலையிறக்கச் சாலையில், இரண்டாவது வளைவில், எதிரே ஒரு லாரி நின்றிருந்தது. பெரியப்பா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். பிரேக்குக்குக் கொண்டுபோக முடியவில்லை. முட்டி ஸ்டீரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"கால் வரலை" என்றார். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல் இடது பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

வண்டியை மண்மேட்டில் மோதவிட்டார். லாரியில் மோதியிருந்தால் நானும் இன்று இல்லை. ஸ்டீரிங் அவர் நெஞ்சில் இடித்தது. நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் விழுந்து கிடந்தேன். வண்டி நிற்கவில்லை. மேட்டிலிருந்து பின்னோக்கி உருள ஆரம்பித்தது. பின்னால் பள்ளம்.

செயலாளர் மாமாவின் தாளில் இருக்கிற வரி இது: "அந்த நொடியில் சமயோசிதமாக ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்திய வீரச் சிறுமி."

நான் இழுக்கவில்லை.

பெரியப்பாவின் இரண்டு கைகளும் ஸ்டீரிங்கின் மேல் சரிந்து கிடந்தன. என் கைகள் என் தலைக்கு மேலே இருந்தன. என் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி ஹேண்ட் பிரேக் இருந்தது. அதன் நுனியில் இருக்கும் பொத்தான் உள்ளே அமுங்கியது. பிறகு பிரேக் கம்பி மேலே வந்தது. வேகமாக இல்லை. ஒவ்வொரு பல்லாக. டிக், டிக் என்று ஏழு தடவை கேட்டது. வண்டி நின்றது. பிறகு சாவி திரும்பி என்ஜின் அணைந்தது. ஒரு வயதான அம்மா வீட்டுக்கு வந்து நிதானமாக வண்டியை நிறுத்துவதுபோல் இருந்தது.

லாரிக்காரர் ஓடிவந்து என்னைத் தூக்கினார். "நீதானேம்மா பிரேக்கைப் போட்ட? சமர்த்து" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். போலீஸ்காரரிடமும் தலையாட்டினேன். பள்ளியில் எல்லோர் முன்னும் நிற்க வைத்துப் பாராட்டினார்கள். அப்போதும் பேசாமல் நின்றேன். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புகிறீர்களா?

நம்ப வேண்டாம். நான் பயத்தில் உளறுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முட்டி மாட்டியதை நம்புங்கள். அதை மருத்துவமனையில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

சங்கத்தினர் நீங்கள் என்ன செய்தீர்கள்? பதினாறே நாளில் வண்டியைச் சரிசெய்தீர்கள். ராப்பகலாக உழைத்தீர்கள். அதே வருஷத்து ஸ்டீரிங், அதே பச்சை. சீட்டையும் பழைய அளவை வைத்து அதே துளைகளில் முடுக்கினீர்கள். "ஒரு நூல்கூட மாறலை" என்று பெயிண்டர் அண்ணன் கண் கலங்கச் சொன்னார். அவர் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியப்பாவைக் கொன்ற அளவை அல்லவா நூல் பிசகாமல் திரும்ப வைத்திருக்கிறீர்கள்! செயலாளர் மாமா, நீங்களும் ஆறடி.

போன ஞாயிறு போட்டோவுக்காக என்னை அந்த டிரைவர் சீட்டில் உட்கார வைத்தீர்கள். எனக்குக் கால் சரியாக எட்டியது. முதுகு சரியாகச் சாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் உள்கண்ணாடியில் நேராக என் கண்கள். யாரும் எதையும் நகர்த்தவில்லை. "உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கேம்மா" என்றீர்கள் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. நான் இன்னும் வளர வேண்டும். அந்தச் சீட் நான் வளரக் கூடாது என்று சொல்வதுபோல் இருந்தது.

அன்று மாலை அப்பாவிடம் போய், சீட்டைப் பின்னால் தள்ளிவிடலாமா என்று கேட்டேன். கூரையையே வெட்டுகிற என் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணன் வண்டிம்மா. உயிரோட இருந்தப்போ வேண்டாம்னாரு. இப்ப நான் எப்படிக் கை வைப்பேன்?" அப்பா இப்போது கோட்டைத் தாண்டுவதே இல்லை. கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடுகிறார்.

அதனால் நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பெரியப்பா கடைசியாக எழுதியது விபத்துக்கு முந்தைய நாள் தூரம். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. தேதி இல்லை. அதே சின்ன எழுத்து. "சீட்டைப் பின்னால் தள்ளவும். இவருக்கு இடம் போதவில்லை."

பெரியம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியப்பாதான் மனம் மாறி எழுதியிருப்பார் என்றார். "இவருக்கு" என்று தன்னையே யாராவது எழுதுவார்களா என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பெரியோர்களே! எழுதியது பெரியப்பா என்றால், அது நம் அசல் அண்ணனின் கடைசி உத்தரவு. எழுதியது டாக்டரம்மா என்றால், வண்டியின் முதல் சொந்தக்காரரே மாற்றச் சொல்கிறார்கள். இந்த இருவரையும் விட அந்த வண்டியின் அசல் தெரிந்தவர் இங்கே யார் இருக்கிறீர்கள்? நீங்கள் சொல்லுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

என் உறுதிமொழி இதுதான். அந்தப் பச்சை மாறாது. என்ஜின் மாறாது. பெரியப்பா தேடித் தேடிச் சேர்த்த ஒரு ஸ்குரூவும் மாறாது. நோட்டில் தினமும் தூரம் எழுதுவேன், என் கையெழுத்தில், பெரிதாக. அவர் வேலையைத் தொடர்வேன். ஆனால் அந்த வண்டியின் தரையில் இரண்டு துளைகள் விழும்வரை சாவியை வாங்க மாட்டேன். அதுவரை யாரையும் ஓட்ட விட மாட்டேன். அதற்காகச் சோதனையில் வண்டியின் மதிப்பெண்ணைக் குறையுங்கள். சங்கப் பட்டியலிலிருந்து வண்டியை நீக்குவதென்றால் நீக்குங்கள்.

ட்ரில் மெஷினைக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில், என் புத்தகப் பையில் இருக்கிறது. எனக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. துளை கோணலாகும். பெரியப்பாவின் வண்டியில் கோணல் துளை இருக்கக் கூடாது.

அப்பா, நீங்க எழுந்து வாங்க. நான் பக்கத்திலேயே நிக்கிறேன்.