கூடையைவிடச் சிறிய பங்களா

மலை ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியும் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவும். அக்கா மடியில், எஸ்டேட் ஹாலில் மாட்ட அவரே வரைந்த படம்.

"என்னம்மா, ஒன் கூடைய விட தொர பங்களா சின்னதா இருக்கு? பெருசா போடு. இல்லாட்டி ஹால்ல மாட்ட மாட்டேன்."

"கூட கிட்டக்க இருக்குங்க கிராணி. பங்களா தூரத்து மலையில. சின்னதாத்தான் தெரியும்."

"தொர கோவிச்சுக்குவாரு லா!"

"அங்கருந்து பாத்தா நாங்க எறும்பாட்டம் தெரியறோம். நாங்க கோவிச்சுக்கிட்டமா? மாட்டாட்டி போங்க, எங்க லயத்து வீட்டுல மாட்டிக்கிறேன். ஒரு கோடு மாத்த மாட்டேன்."

ஜன்னலில் தூரத்துப் பங்களா தெரிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத என் கைநாட்டுக் கட்டைவிரலை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

பங்களா முழுசாக மறைந்துவிட்டது.